கேள்வி கேக்கப் போறவளுக்கு, பதில் சொல்லிச் சலிச்சவன் சொல்றது

அம்முணி, இப்படி வந்து உக்காரு. மேல படிக்கப் போறேன்னு உன்ற அம்மாகிட்டச் சொன்னயாமா. அவ எங்கிட்ட வந்து ஒண்ணும் சொல்லலை. அடுப்படியில போசியை டொக்குனு வெச்ச சத்தத்துலயே ஊட்டுல என்னமோ நடக்குதுன்னு தெரிஞ்சு போச்சு. பொறவுதான் சமாச்சாரம் வந்துச்சு. "எம்.எஸ்.டபிள்யூ முடிச்சு, வேலையும் கெடச்சு, அஞ்சாறு வருசம் ஊர் ஊராச் சுத்தினது பத்தலையாமா. இனி ஆராய்ச்சி பண்ணப் போறாளாமா." நான் வெத்தலையை மடிச்சு வாயில போட்டுட்டேன். வாயில வெத்தல இருந்தா ஊட்டுச் சண்டையில பதில் சொல்ல வேண்டியதில்லை பாரு.

நீ இப்பப் பாக்கற சோலி என்னங்கிறதே நம்ம ஒறம்பறைக்கு இன்னும் பிடிபடலை. ஒரு சீருக்குப் போன எடத்துல, என்ற பேத்தி சோசியல் ஒர்க்கருங்கன்னு சொன்னேன். "அப்படீங்களா, எந்தக் கட்சிங்க?"ன்னாங்க. அவிக மேல தப்பில்லை. எலக்சன் வந்தா ஃப்ளெக்ஸ் பேனர்ல கையைக் கூப்பிக்கிட்டு நிக்கறவன் அத்தனை பேரும் சமூக சேவகர்தான். நாலு பேருக்குச் சேலை குடுத்துப் போட்டோ எடுத்தவனும் சமூக சேவகர்தான். படிக்காம டாக்டர்னு போர்டு மாட்டினா போலீசு வரும். கருப்புக் கோட்டைப் போட்டுட்டு வக்கீல்னு சொன்னா பார் கவுன்சில் கேக்கும். உன்ற தொழிலுக்கு அப்படிக் கேக்கறதுக்கு நம்ம நாட்டுல ஒரு கவுன்சில் கெடையாது. இங்கிலாந்துல பேரைப் பதியாதவன் தன்னை சோசியல் ஒர்க்கர்னு சொல்லிக்கவே கூடாதாமா. இங்க ரெண்டு வருசம் படிச்சு, வாரா வாரம் களப்பணிக்குப் போய், முகாம்ல கொசுக்கடி பட்டு வந்த உனக்கும் பேனர்க்காரனுக்கும் ஒரே பேருதான்.

சரி, அதுக்கு மேல ஆராய்ச்சிப் பட்டம் என்னத்துக்கு? பேருக்குப் பின்னால நாலு எழுத்து எச்சாப் போடறதுக்குன்னா வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில ஒரு வரி நீளும், அவ்வளவுதான். சம்பளம் ஏறும்னு நெனச்சா அதுவும் இல்லை. நீ இருக்கிறது குழந்தைகள் பாதுகாப்பு அலகுல, தொகுப்பூதியத்துல. பட்டம் இருந்தாலும் அதே ரூபா, இல்லாட்டியும் அதே ரூபா. காலேஜ்ல வாத்தியாரம்மா ஆகோணும்னா, 2023 ஜூலையில இருந்து உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட்டோ செட்டோ பாஸ் பண்ணியிருந்தாப் போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லைன்னு மாத்திப் போட்டாங்க. மூணு மணி நேரப் பரீட்சையில முடியற காரியத்துக்கு ஆறு வருசம் உக்காருவாங்களா?

மிச்சம் ஒரே ஒரு காரணந்தான். பாக்கற வேலையில ஒரு கேள்வி வந்து மாட்டிக்கிட்டு, ராத்திரி தூங்க உடமாட்டேங்குதுன்னா, போ. அந்தக் கேள்வி உங்கிட்ட இருக்குதான்னு பொறவு பேசிக்கலாம். மொதல்ல எங்க போறதுன்னு பாப்போம்.

முன்னெல்லாம் எம்.எஸ்.டபிள்யூவுக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவுல எம்.ஃபில்னு ஒரு படி இருந்துச்சு. ஒரு வருசமோ ஒண்ணரை வருசமோ ஆராய்ச்சி பண்ணிப் பாரு, ஒத்து வந்தா மேல ஏறு, வராட்டி மருவாதையா எறங்கி வான்னு வெச்சிருந்தாங்க. நல்ல ஏற்பாடு. அதனாலயே எடுத்துப் போட்டாங்க. 2022 நவம்பர்ல யு.ஜி.சி. போட்ட புது விதியோட எம்.ஃபில் போச்சு. அப்படியும் சில எடத்துல ஆள் சேத்துக்கிட்டே இருந்தாங்க போல. 2023 டிசம்பர்ல, இது செல்லாது, யாரும் சேராதீங்கன்னு மறுக்காவும் தண்டோரா போட்டாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, 2017ல மனநலச் சட்டம்னு ஒண்ணு போட்டிருக்காங்க. சைக்கியாட்ரிக் சோசியல் ஒர்க்கர்னா ஆருன்னு அதுல எழுதியிருக்குது. சமூகப் பணியில முதுகலை முடிச்சு, அதுக்கு மேல ரெண்டு வருசம் முழு நேரமா எம்.ஃபில் படிச்சிருக்கோணுமாமா. டெல்லியில ஒரு ஆபீசு அந்தப் படிப்பு இருந்தாத்தான் ஆளுங்குது, இன்னொரு ஆபீசு அந்தப் படிப்பே கெடையாதுங்குது. பொறவு ஆரோ ஒரு புண்ணியவான் ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சிருப்பான். 2024 ஜனவரியில, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோசியல் ஒர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரைக்கும் எம்.ஃபில் செல்லும்னு சொன்னாங்க. பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம், அஸ்ஸாம் தேஜ்பூர்ல இருக்கிற நிறுவனம், இங்கெல்லாம் நடத்தின படிப்பு அது. புஸ்தகத்துல பாதி, ஆஸ்பத்திரி வார்டுல மீதி. மனநலத்துப் பக்கம் போற எண்ணமிருந்தா, இப்ப எந்தப் பேர்ல எந்த விதியில நடக்குதுன்னு அந்தந்த நிறுவனத்து அறிவிப்பை நீயே படிச்சுப் பாத்துச் சேரு. பஸ் ஸ்டாண்டுச் செவுத்துல "எம்.ஃபில் சேர்க்கை நடைபெறுகிறது"ன்னு நோட்டீசு ஒட்டினவனுக்குப் பணத்தைக் கட்டிப் போடாதே.

வெளிநாட்டுல எம்.ரெஸ்ன்னு இருக்குதாமா. பாடம் கொஞ்சம், ஆராய்ச்சி நெறைய, இங்கிலாந்துல முழு நேரமாப் படிச்சா ஒரு வருசம். நீ அதைச் சொன்ன அன்னிக்கு உன்ற அப்பன் பீரோவைத் தொறந்து தோட்டத்துப் பத்திரத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டு ஒரு தடவை படிச்சுட்டு, மறுபடியும் உள்ள வெச்சுப் பூட்டினான். ஸ்காலர்சிப் கெடச்சா அந்தப் பேச்சை எடு. கெடைக்காட்டி, பத்திரம் இருக்கற எடத்துலயே இருக்கட்டும்.

அப்ப மிச்சம் நேரா முனைவர் பட்டந்தான். முதுகலையில 55 சதம் வேணும், உனக்கு இருக்குது. கொறஞ்சது மூணு வருசம், எச்சாப் போனா ஆறு. பொம்பளைகளுக்கு அதுக்கு மேலயும் ரெண்டு வருசம் தருவாங்க. பேறுகாலத்துக்கும் குழந்தை வளக்கறதுக்கும் 240 நாள் வரைக்கும் லீவு உண்டுன்னு விதியிலயே இருக்குது. இந்த 240 நாளை நான் வாய் தவறி உன்ற அப்பத்தாகிட்டச் சொல்லிட்டேன். "அரசாங்கமே லீவு குடுக்குதுங்களா? அப்ப மொதல்ல அந்த லீவை எடுக்கச் சொல்லுங்க, படிப்பைப் பொறவு பாத்துக்கலாம்"ங்கிறா. இனி அவளை நீதான் சமாளிக்கோணும்.

வேலையை உடாமப் பகுதி நேரமாவும் பண்ணலாம். அதுக்கு ஆபீசுல தடையில்லாச் சான்று வேணும். இவளுக்கு ஆராய்ச்சி பண்ணறதுக்கு நேரம் இருக்குதுன்னு உன்ற மேலதிகாரி எழுதிக் கையெழுத்துப் போடோணும். ராத்திரி பதினொரு மணிக்குப் போனைப் போட்டு, விடியக்காலம் அந்த ஊர்ல ஒரு சின்னப் புள்ளைக்குக் கல்யாணமாமா, ஓடிப் போய் நிறுத்துன்னு சொல்ற மனுசன், இவளுக்கு நேரம் இருக்குதுன்னு எந்தக் கையில எழுதுவாரு? முழு நேரமாப் போறதுன்னா நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கப் பாரு. முப்பது வயசு வரம்பு, பொம்பளைகளுக்கு அஞ்சு வருசம் தள்ளுபடி. 2023 ஜனவரியில இருந்து மாசம் 37,000 ரூபா. நீ இப்ப வாங்கறதை விட அது எச்சா. வேலை செஞ்சா கொறச்சல், அந்த வேலையைப் பத்தி உக்காந்து யோசிச்சா எச்சா. அதுக்குக் காரணம் கேட்டு ஆராவது ஆராய்ச்சி பண்ணினாத் தேவலை.

இனி என்ற அனுபவத்துக்கு வாரேன். நீ ஆராய்ச்சி பண்ணப் போறவ, நான் ஆராய்ச்சி பண்ணப்பட்டவன். இந்தத் திண்ணையில உக்காந்து நான் பதில் சொல்லாத விசயம் இல்லை. மஞ்சள் வெலைக்கு ஒருத்தன் வந்தான், ஆத்துல சாயத் தண்ணி கலக்கறதுக்கு ஒருத்தன், நூறு நாள் வேலைக்கு ஒருத்தி. முதியோர் தனிமைன்னு ஒரு புள்ள வந்துச்சு. அது வந்தப்ப நாங்க ஏழெட்டுக் கெழடுக இங்க ஆடுபுலி ஆட்டம் ஆடிட்டு இருந்தோம். "தனிமையா உணர்றீங்களா தாத்தா?"ன்னு கேட்டுச்சு. "சித்தெ தள்ளி உக்காரு கண்ணு, புலி மாட்டிக்கிச்சு"ன்னேன். என்ன எழுதிக்கிச்சோ.

ஏன் சாமி எப்பப் பாத்தாலும் எங்களையே கேக்கறீங்கன்னு ஒருத்தனைக் கேட்டேன். "கன்வீனியன்ஸ் சாம்பிளிங்"குன்னான். சும்மா உக்காந்திருக்கறவந்தான் சிக்குவான்னு அதுக்கு அர்த்தமாமா. தோட்டத்துல மஞ்சள் வெட்டிட்டு இருந்தவ எந்தக் கணக்குலயும் வரலை. மில்லு பஸ்ஸுல ஏறிப் போற புள்ளைக வரலை. நம்ம ஊரைப் பத்தி எழுதினது பூராவும் நம்ம திண்ணையைப் பத்தி எழுதினதுதான்.

பொறவு அந்த அஞ்சு கட்டத் தாளு. லைக்கர்ட்டுன்னு ஒரு அமெரிக்காக்காரர் 1932ல கண்டுபிடிச்சதுன்னு நீதான் சொன்னே. முழுமையாக உடன்படுகிறேன்னு ஆரம்பிச்சு, முற்றிலும் உடன்படவில்லைன்னு முடியும். "எங்கள் ஊராட்சியில் குடிநீர் ஒழுங்காக வருகிறது"ன்னு ஒரு கேள்வி. மேக்கால தெருவுக்கு வருது தம்பி, தெக்கால காலனிக்கு வாரதில்லைன்னேன். "அதுக்குக் கட்டமில்லீங்க ஐயா"ன்னு போட்டு, நடுவுல ஒரு டிக் அடிச்சான். நடுக்கட்டத்துல என்ன எழுதியிருக்குதுன்னு எட்டிப் பாத்தேன். "கருத்து இல்லை"ன்னு இருந்துச்சு. ஒரு தெருவுக்கே தண்ணி இல்லைங்கிறது, எனக்குக் கருத்து இல்லைன்னு ஆயிப்போச்சு.

நாங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதுன்னு சொல்றவிகதான். வருமானம் எவ்வளவுன்னு நோட்டோட வந்தவன் கேட்டா, என்னமோ மானியம் வரப்போவுதுன்னு பாதியாக் கொறச்சுச் சொல்லுவோம். அதையே பொண்ணுக் குடுக்க வந்தவிக கேட்டா ரெட்டிப்பாச் சொல்லுவோம். பக்கத்துத் தோட்டத்துக்காரன்கிட்டக் குடிப்பழக்கம் உண்டாங்கன்னு கேட்டாங்க. அவன் பொஞ்சாதி வெளக்கமாத்தோட கதவோரம் நிக்கறா. "சேச்சே, அந்தப் பக்கமே போறதில்லீங்க"ன்னான். அவ உள்ள போனதும் ரெண்டு வெரலைத் தூக்கிக் காட்டினான், தெனம் ரெண்டுன்னு. அதுக்குள்ள கேட்டவன் பேனாவை மூடிப் பைக்குள்ள வெச்சுட்டான். அவனுக்குக் கேள்வி முடிஞ்சு போச்சு.

பேனாவை மூடின பொறவு வாரதுதான் அம்முணி நெசம். உனக்கு அது தெரியும். புருசன் இருக்கறப்ப என்ன கேக்கறது, அவன் தண்ணி கட்டப் போன பொறவு கெணத்து மேட்டுல என்ன கேக்கறதுன்னு அஞ்சாறு வருசமாப் பழகியிருக்கறே. ஊடு பாத்துட்டு வந்து சமூக விசாரணை அறிக்கை எழுதறயே, ராத்திரி அதை எழுதறப்ப நான் பாத்திருக்கறேன். ஒரு வரி எழுதுவே, அடிப்பே, விட்டத்தைப் பாப்பே. உனக்குத் தெரிஞ்சது எல்லாம் அந்தப் பாரத்துல அடங்கறதில்லை. அடங்காததை வரிசைப்படுத்தி, நீ இல்லாம வேற ஒருத்தி போய்க் கேட்டாலும் நெசம் வாரதுக்கு வழி பண்ணிக் குடுக்கறதுக்குத்தான் ஆராய்ச்சிப் படிப்பு. அப்படி எழுதி வெக்காட்டி, நீ வேலையை உட்டுப் போற அன்னிக்கு அந்தக் கெட்டிக்காரத்தனமும் உன்ற கூடவே போயிரும்.

சம்மதக் கடுதாசுன்னு ஒண்ணு கொண்டாருவாங்க. எந்த நேரத்திலும் இதிலிருந்து விலகிக்கொள்ளலாம்னு அதுல எழுதியிருக்கும். உக்காந்திருக்கிறது என்ற திண்ணை. நான் எங்க சாமி எந்திரிச்சுப் போறது? கையெழுத்துன்னாலே கடன் பத்திரம்னு பயப்படற சனம் இது. மொதல்ல என்னத்துக்குக் கேக்கறே, ஆரு படிப்பாங்க, இதனால எங்களுக்கு ஒண்ணும் கெடைக்காதுங்கிறதை வாயைத் தொறந்து சொல்லு. கையெழுத்தைக் கடைசியில கேளு.

இப்ப உன்ற கேள்விக்கு வாரேன். நீ நோட்டுல எழுதி வெச்சிருக்கற தலைப்பைப் பாத்தேன். "தனியார் நூற்பாலை ஊழியர்களின் பணித் திருப்தி: ஓர் ஆய்வு." ஏன் அந்தத் தலைப்புன்னு எனக்குத் தெரியாதா? மில்லுல உங்க மாமன் இருக்கறான், உள்ள போறதுக்கு அனுமதி வாங்கித் தருவான். மேனேசர் பக்கத்துல நின்னுட்டு இருக்க, புள்ளைகளைத் திருப்தியா இருக்கறயான்னு கேப்பே. ரொம்பத் திருப்திங்க மேடம்னு அத்தனை புள்ளைகளும் ஒரே கட்டத்துல நிக்கும். அதைக் கம்ப்யூட்டர்ல போட்டு ஒரு படம் வரைஞ்சு, உனக்கும் திருப்தி, மில்லுக்கும் திருப்தி.

போன ஆவணியில ஒரு விடியக்காலம் போலீசோட போய் ஒரு கல்யாணத்தை நிறுத்தினயே. பொண்ணுக்குப் பதினாறு வயசு. குழந்தைக உதவிக்குன்னு இருக்கற 1098க்கு ஆரோ கூப்பிட்டுச் சொல்லியிருந்தாங்க. புள்ளையைக் குழந்தை நலக் குழு முன்னால கொண்டு போய் நிறுத்தி, பதினெட்டு ஆவற வரைக்கும் கட்டிக் குடுக்க மாட்டோம்னு அப்பன் ஆத்தாகிட்ட எழுதி வாங்கிட்டு, பொழுதோட ஊடு வந்து சேந்தே. மோர்ச்சோத்தைப் போட்டுட்டு உக்காந்தப்ப நான் கேட்டேன். "சரி, இனி அந்தப் புள்ள என்ன பண்ணும்?" நீ பிசைஞ்சுட்டே இருந்தே. பதில் வரலை. அன்னிக்குச் சோறு பாதி வட்டல்லயே கெடந்துச்சு.

அதுதான் உன்ற ஆராய்ச்சி. குழந்தைக் கல்யாணத்துக்கு இப்ப இருக்கற தடைச் சட்டம் வந்தது 2006ல. கல்யாணத்தை நிறுத்தினதுக்கு ஆபீசுல ரெஜிஸ்டர் இருக்குது. நிறுத்தின பொறவு அந்தப் புள்ள பள்ளிக்கூடம் போச்சா, மில்லுக்குப் போச்சா, ஆறு மாசம் கழிச்சு வேற ஊருக் கோயில்ல சத்தமில்லாமத் தாலி ஏறிச்சா, இல்லை நெசமாவே ரெண்டு வருசம் பொறுத்தாங்களா? அந்த ரெண்டு வருசம் ஊட்டுல அதுக்குச் சோறு எப்படிக் கெடச்சுச்சு, பேச்சு எப்படிக் கெடச்சுச்சு? பணித் திருப்திக்கு எழுத ஆயிரம் பேர் இருக்கறாங்க. இதைக் கேக்கோணும்னு தோணறது, அந்தப் பந்தல்ல நின்னவளுக்குத்தான்.

ஆனா ஒண்ணு. இதுக்குப் பதில் வாங்கறதுக்குத் தோதில்லாத ஆளும் நீதான். நீ நிறுத்தின கல்யாணத்து ஊட்டுக்கு நீயே போய், நான் இப்ப ஆராய்ச்சிக்கு வந்திருக்கறேன்னா எவன் நம்புவான்? பள்ளிக்கூடம் போவுதுங்க மேடம், மொத ரேங்குங்கம்பாங்க. புள்ளையைக் கூப்பிடுங்கன்னா, மாமன் ஊட்டுக்குப் போயிருக்குதுங்கம்பாங்க. கேஸ் எழுதற கையே கேள்வியும் எழுதினா எவனும் வாயைத் தொறக்க மாட்டான். அதனால உன்ற ஆபீசு எல்லைக்குள்ள பண்ணாதே. பக்கத்து மாவட்டத்துக்குப் போ, அங்க உன்னை ஆருக்கும் தெரியாது.

இன்னொரு சிக்கலும் இருக்குது. பதினெட்டு ஆகாத புள்ளகிட்டக் கேக்கோணும்னா அப்பன் ஆத்தா சம்மதம் வேணும். கல்யாணத்தை வெச்சதே அவிகதான். நீங்க பண்ணின காரியத்தைப் பத்தி உங்க புள்ளகிட்டக் கேக்கப் போறேன், கையெழுத்துப் போடுங்கன்னா போடுவாங்களா? அப்ப நிறுத்தி வெச்சு, இப்பப் பதினெட்டு தாண்டின புள்ளைகளாப் பாத்துத் தேடு. அவிக சம்மதத்தை அவிகளே குடுப்பாங்க, தைரியமாவும் பேசுவாங்க. பேச்சை ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே சொல்லிப் போடு: நீ சொல்றதை ரகசியமா வெப்பேன், ஆனா உசுருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா சும்மா இருக்க மாட்டேன், சொல்ல வேண்டிய எடத்துல சொல்லிப்போடுவேன்னு. பேசிட்டு இருக்கறப்ப ஒருத்தி சட்டையை வெலக்கித் தழும்பைக் காட்டினா, நோட்டுல எழுதிட்டு வருவயா, போனை எடுப்பயான்னு அன்னிக்கு யோசிக்கக் கூடாது. எதிக்ஸ் கமிட்டிக்காரங்க இதைக் கேப்பாங்க. கேக்காட்டியும் நீயே எழுதிக் குடு.

வழிகாட்டிப் பேராசிரியரைத் தேடறதுக்கு, அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தையில நான் மாடு புடிக்கற வித்தையைச் சொல்றேன், கேட்டுக்கோ. கொம்புல பூசின வர்ணத்தைப் பாத்து மயங்கறவன் முட்டாள். சுழி பாக்கோணும், பல்லுப் பாக்கோணும், எல்லாத்துக்கும் மேல, போன வருசம் அதை ஏருல பூட்டினவனைத் தனியாக் கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்துக் கேக்கோணும். வாத்தியாருக்கும் அதேதான். அறையில மாட்டியிருக்கற சால்வையும் கேடயமும் கொம்பு வர்ணம். அவருகிட்டப் படிச்சு முடிச்சவிகளைத் தேடிப் புடி. எழுதிக் குடுத்ததை எத்தனை நாள்ல படிச்சுத் தருவாரு, சொந்த ஊட்டு வேலை சொல்லுவாரா, கட்டுரையில ஆரு பேரை முன்னால போடுவாருன்னு கேளு. பேராசிரியர்னா எட்டுப் பேரு, இணைப் பேராசிரியர்னா ஆறு, உதவிப் பேராசிரியர்னா நாலு, அதுக்கு மேல ஆள் எடுக்கக் கூடாதுன்னு விதி. எடமிருக்குதான்னு நீ கேக்கறதுக்கு முன்னால, உன்னை மாதிரி வேலையில இருந்து வந்தவளுக்கு அவரு காது குடுப்பாராங்கிறதைப் பாரு.

காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில டீசிஸ் எழுதித் தரப்படும்னு சொல்லுவான். காசு குடுத்தா அவனே கேள்வி கேட்டு அவனே பதிலும் எழுதிருவான், திண்ணைக்கே வர வேண்டாம். 2018ல யு.ஜி.சி. போட்ட விதிப்படி, பிறத்தியார் எழுதினதோட பத்துச் சதம் வரைக்கும் ஒத்துப்போனாத்தான் சும்மா உடுவாங்க. அறுவதைத் தாண்டினா பதிவையே ரத்துப் பண்ணிருவாங்க. முடிச்ச ஆய்வை ஷோத்கங்கான்னு ஒரு எடத்துல ஏத்தோணும். அத்தனை புஸ்தகத்தையும் கங்கையில எறக்கி உட்டாச்சு, முங்கிப் படிக்கறதுக்குத்தான் ஆளைக் காணோம்.

பயந்துக்காதே. களத்துல நிக்கறவளுக்கு ஆராய்ச்சி என்னத்துக்குன்னு கேக்கறவங்களுக்கு, நீ எனக்குச் சொன்ன கதையவே சொல்லு. சிகாகோவுல ஜேன் ஆடம்ஸ்னு ஒரு அம்மா 1889ல ஏழைகளுக்கு நடுவுல ஹல் ஹவுஸ்னு ஒரு ஊட்டைப் புடிச்சு உக்காந்தாங்க. அங்க வந்து சேந்த ஃபுளோரன்ஸ் கெல்லிங்கிற அம்மா, ஊட்டுக்குள்ளயே துணி தைக்கற சனங்களைத் தேடிப் போய்க் கேட்டுக் கேட்டு எழுதினாங்க. 1893ல அந்த மாகாணத்துல பதினாலு வயசுக்குக் கீழ இருக்கற புள்ளைகளை ஃபாக்டரி வேலைக்கு வெக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. ஊட்டுக்கு ஊடு ஆருக்கு என்ன கூலின்னு அவிக போட்ட படம் 1895ல புஸ்தகமாவும் வந்துச்சு. அவ்வளவு தூரம் போவானேன்? உன்னை விடியக்காலம் ஓட வெக்கற 1098 இருக்குதே, அது 1996ல பம்பாய்ல டாட்டா சமூக அறிவியல் நிலையத்துல இருந்து, களத்துல பண்ணிப் பாக்கலாம்னு ஆரம்பிச்ச வேலைதான். ரோட்டுல கெடந்த புள்ளைக என்ன கேக்குதுன்னு காது குடுத்தவங்க கண்டுபிடிச்ச நம்பர் அது.

அதனால போய்ச் சேரு, அம்முணி. உன்ற அப்பனை நான் பாத்துக்கறேன். மில்லுத் தலைப்பைக் கிழிச்சுப் போட்டுட்டு, நிறுத்தின கல்யாணத்தைப் பத்தி எழுது. இங்கிலீசுல எழுதி முடிச்சு, வைவா ஆகி, பட்டம் வாங்கின பொறவு ஒரே ஒரு காரியம் பண்ணு. எந்தெந்த ஊர்ல கேட்டயோ அந்தந்த ஊருக்குத் திரும்பிப் போய், பேரு ஊரு ஆருதும் வெளிய தெரியாம, பொம்பளைகளைக் கூட்டி வெச்சு, இதைத்தான் கண்டுபிடிச்சேன்னு தமிழ்ல சொல்லு. இந்தத் திண்ணைக்கு வந்து கேட்டுட்டுப் போன ஒருத்தனும் இன்னிவரைக்கும் அதைப் பண்ணலை. இனிமே எவன் கேள்வித்தாளோட வந்தாலும், முடிவை என்னிக்கு வந்து சொல்லுவேன்னு மொதல்ல எனக்கு எழுதிக் குடுக்கட்டும், பொறவு நான் பதில் சொல்றேன். நீயா இருந்தாலும் அதே பேச்சுத்தான்.